பூ அழிந்த துப்பாக்கியும் ஒரு பழுப்புத் தாளும்

அமெரிக்காவில் பழைய ஜப்பானிய ரைஃபிள் ஒன்றை விலைக்குக் கேட்டு வருபவர் முதலில் குழலைப் பார்ப்பதில்லை. விசையை இழுத்துப் பார்ப்பதும் இல்லை. தோட்டா உள்ளே போகும் இடத்துக்கு மேலே, இரும்பின் மீது ஒரு பூ இருக்கிறதா என்றுதான் தேடுவார்.

16 இதழ் கொண்ட செவ்வந்தி. ஜப்பான் பேரரசரின் சின்னம். அந்த நாட்டு ராணுவத்தின் அரிசாகா ரைஃபிள்கள் பேரரசரின் சொத்து என்பதற்கு அடையாளமாக, பூவைப் பொறித்துத்தான் சிப்பாய் கையில் கொடுத்தார்கள். ஆனால், இன்று அமெரிக்க வீடுகளில் இருக்கும் ஏராளமான அரிசாகாக்களில் பூ இல்லை. அரத்தாலோ சாணைக்கல்லாலோ தேய்த்து எடுத்த தழும்புதான் இருக்கிறது.

1945 செப்டம்பர் 2. டோக்கியோ விரிகுடாவில் 'மிசூரி' போர்க்கப்பலின் மேல்தளத்தில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. தோற்ற படை தன் ஆயுதங்களை மலைமலையாகக் குவித்தது. பேரரசரின் சின்னத்தை எதிரி கையில் கொடுப்பது அவமானம் என்று பூவைத் தேய்த்துவிட்டே ஒப்படைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். தேய்க்கச் சொன்னது ஜப்பான் தரப்பா, அமெரிக்கத் தரப்பா என்று சேகரிப்பாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, பூ தேய்ந்திருந்தால் சரணடைந்த குவியலில் இருந்து எடுத்தது. பூ முழுசாக இருந்தால் சண்டை நடந்த தீவில், விழுந்து கிடந்தவனின் பக்கத்தில் இருந்து எடுத்தது. இது பொதுவான கணக்கு. கணக்குதானே தவிர, முடிவு அல்ல. பள்ளிக்கூடப் பயிற்சிக்காகப் படை கழித்துக் கொடுத்த பழைய ரைஃபிள்களில், ஜப்பானியர்களே வேறு முத்திரை குத்திப் பூவை ரத்து செய்திருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, அழிந்த பூவை இப்போது திரும்பப் பொறித்து விற்பவர்களும் உண்டு!

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? அங்கேதான் இந்தச் சந்தையின் சூட்சுமம் இருக்கிறது.

இரும்புக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை

போருக்குப் போன சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது நினைவுப் பொருளாகத் தூக்கிக்கொண்டு வந்த எதிரியின் ஆயுதத்துக்கு 'பிரிங்பேக்' என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் சுமார் 1.6 கோடி பேர். அவர்களில் பலர் வாள், கொடி, தொப்பி, துப்பாக்கி என்று எதையாவது கொண்டுவந்தார்கள். கொரியா, வியட்நாம் போர்களிலும் இது தொடர்ந்தது.

ஒரே தொழிற்சாலையில், ஒரே வருடத்தில் செய்த இரண்டு ரைஃபிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றுக்கு எந்தக் காகிதமும் இல்லை. இன்னொன்றோடு, இன்ன படைப்பிரிவின் இன்ன சிப்பாய் இதைக் கொண்டுபோக அனுமதிக்கப்படுகிறார் என்று அதிகாரி கையெழுத்திட்ட பழுப்புத் தாள் ஒன்று இருக்கிறது. இரண்டாவதன் விலை ஒரேயடியாக ஏறிவிடும். கூடுதல் பணம் இரும்புக்கோ மரத்துக்கோ அல்ல, ஒரு மனிதரின் பெயருக்கு.

காகிதத்துக்கு விலை வந்துவிட்டால் கள்ளக் காகிதமும் வரும். நம் ஊரில் நிலம் வாங்குபவர், விற்பவர் சொல்லும் குடும்பக் கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, 'தாய்ப் பத்திரம் இருக்கா, வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்களா?' என்று கேட்பார் அல்லவா? துப்பாக்கிச் சேகரிப்பிலும் அப்படித்தான். 'துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே' என்பது அங்கே புதிதாக வருபவருக்குச் சொல்லும் முதல் பாடம்.

ஒரு தாளை எப்படிப் படிப்பது?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சான்றிதழ் பார்க்க ரொம்பச் சாதாரணமானது. தட்டச்சு செய்ததாகவோ, சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்ததாகவோ இருக்கும். ஐரோப்பாவில் இருந்து வந்தவற்றில் பெரும்பாலும் ஒரு குறிப்பு உண்டு: போர்த்துறையின் 155-ம் எண் சுற்றறிக்கை, 1945 மே 28. அதன்படி இந்தச் சிப்பாய் கீழ்க்கண்ட பொருள்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சான்று சொல்லியிருப்பார். தபாலில் வீட்டுக்கு அனுப்புவதற்கும் இந்தத் தாள்தான் பயன்பட்டது.

கீழே பட்டியல். சிக்கல் அங்கேதான். பல தாள்களில் '1 ஜெர்மன் ரைஃபிள், 1 பயனெட், 1 கொடி' என்பதோடு முடிந்துவிடும். துப்பாக்கியின் வரிசை எண்ணைக் குறிக்க வேண்டும் என்று ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்த குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்காது. எண் இல்லாத தாள் அசலாகவே இருந்தாலும், அதை எந்த ஜெர்மன் ரைஃபிளோடும் சேர்த்துவிடலாம். தாளும் அசல், துப்பாக்கியும் அசல், இரண்டுக்கும் இடையே நடந்த கல்யாணம் மட்டும் பொய். இதைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கடினம். பூதக்கண்ணாடி இங்கே உதவாது. தாளும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே கையில் இருந்து வந்தனவா என்ற விசாரணைதான் உதவும்.

முழுப் போலிகளைப் பிடிப்பது அதைவிடச் சுலபம். வங்கியில் ரூபாய் நோட்டைக் காட்டிப் பார்க்கும் புற ஊதா விளக்கு இருக்கிறதே, அது இங்கே முதல் ஆயுதம். காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. '1945' என்று தேதி போட்ட தாள் அந்த விளக்கின் கீழே பளீரென்று நீலமாக மின்னினால், ஆள் மாட்டிக்கொண்டார் என்று பொருள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தட்டச்சு எழுத்து காகிதத்தில் பள்ளம் போட்டிருக்க வேண்டும். கணினி அச்சில் பள்ளம் இருக்காது. புள்ளிகளோ, பொடி படிந்த பளபளப்போ தெரியும். பல வருடம் மடித்து வைத்த தாளில், மடிப்பின் விரிசலுக்குள் பேனா மை ஊறியிருந்தால், மடிந்து பழசான பிறகு எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

பேனா பற்றி இன்னொன்று. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடையில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29-ல், நியூயார்க்கில். அந்த வருடம் ஜூன் மாதம் ஜெர்மனியில் இருந்த கேப்டன் ஒருவர் பால்பாயின்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், எங்கிருந்து வாங்கினார் என்று கேட்கத்தானே வேண்டும்?

முகவரியும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் 5 இலக்க அஞ்சல் குறியீடு 1963-ல்தான் வந்தது. மாநிலப் பெயரை இரண்டே எழுத்தில் சுருக்கும் வழக்கமும் அதே வருடம்தான். போர்க்காலத் தாளில் இவை இருந்தால், அதை எழுதியவர் போர் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவராகக்கூட இருக்கலாம்.

எண்ணுக்குள் ஓர் ஊர்

கள்ளத் தாள் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சிப்பாயின் எண்ணில். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவச் சிப்பாய்க்கு 8 இலக்க எண். முதல் இலக்கம் 1 என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவர். 2 என்றால் நேஷனல் கார்டு எனப்படும் மாநிலப் படையில் இருந்து வந்தவர். 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் அழைக்கப்பட்டவர். இரண்டாவது இலக்கம் எந்த வட்டாரத்தில் சேர்ந்தார் என்பதைச் சொல்லும். 32 என்று தொடங்கினால் நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர் பக்கம். 38 என்றால் டெக்சாஸும் அதன் அண்டை மாநிலங்களும். தாத்தா பிறந்தது முதல் டெக்சாஸ் பண்ணையை விட்டு அசையவில்லை, ராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள் என்று விற்பவர் கதை சொல்கிறார். தாளில் எண் 12 என்று தொடங்குகிறது. அப்படியானால் அவர் கிழக்குக் கரையில் தானாகப் போய்ச் சேர்ந்தவர். கதை நொண்டுகிறது.

வியட்நாம் காலத்துத் தாளுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 1969 ஜூலை 1 முதல் அமெரிக்க ராணுவம் பழைய படை எண்களைக் கைவிட்டு, 9 இலக்க சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. 1966 தேதியிட்ட தாளில் 9 இலக்க எண் மட்டும் இருந்தால் புருவம் உயரும். அச்சடித்த ராணுவப் படிவம் என்றால், அது எந்தத் தேதியில் வெளியான பதிப்பு என்று படிவத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்தத் தேதி கையெழுத்துத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், பேச்சு அதோடு முடிந்தது.

சரி, எண்ணை எங்கே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது? இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் சேர்ந்தவர்களின் சுமார் 90 லட்சம் பதிவுகளை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் போட்டோ எண்ணைப் போட்டோ தேடலாம். ஆனால், அது சேர்க்கைப் பதிவு மட்டும்தான். அந்த மனிதர் எந்தப் பிரிவில், எந்த ஊரில், எந்த நாளில் இருந்தார் என்பதெல்லாம் அவருடைய பணிக் கோப்பில்தான் இருக்கும்.

அந்தக் கோப்புகளுக்கு நேர்ந்தது பெரிய சோகம். 1973 ஜூலை 12. மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த படைவீரர் ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை ராணுவத்தில் இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 சதவிகிதம் சாம்பல். நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை.

எனவே, ஒரு தாத்தா உண்மையாகவே அந்த நாளில் அந்த ஊரில் இருந்தார் என்று நிரூபிக்கச் சுற்றுவழியில் போக வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் எழுதிய வருகை அறிக்கை, சம்பளப் பதிவு, படைப்பிரிவின் வரலாறு, வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் உறை... இப்படிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் பணிவிடுப்புத் தாள் கிடைத்துவிட்டால் அது புதையல். பலர் அதை அலமாரியின் அடியில் செய்தித்தாளோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

துப்பாக்கி என்ன சொல்கிறது?

காகிதத்தை விசாரித்த அளவுக்கு இரும்பையும் விசாரிக்க வேண்டும். ஊர் திரும்பும் சிப்பாயிடம் இருந்தது ஒரு கித்தான் பை. ஜெர்மன் ரைஃபிளோ ஜப்பானிய ரைஃபிளோ ஒரு மீட்டருக்கு மேல் நீளம், பைக்குள் போகாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மரக்கட்டையை முன்பக்க இரும்புப் பட்டைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கினார்கள். குழலைத் தனியாகக் கழற்றிப் பையில் திணித்தார்கள். ஊருக்கு வந்து மீண்டும் பொருத்தி, வெட்டுத் தெரியாமல் பட்டையை மேலே தள்ளிவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'டஃபிள் வெட்டு' என்கிறார்கள். பழம்பொருள் என்ற கணக்கில் பார்த்தால் இது சேதம். ஆனால், வணிகர் எவரும் ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்த சரக்கை இப்படி அறுக்கப் போவதில்லை. ஒரு சிப்பாய் இதைச் சுமந்தார் என்பதற்கு அந்த ரம்பத் தடம் ஓரளவு நல்ல சாட்சி.

அதற்கு நேர் எதிரான சாட்சி, இறக்குமதியாளர் முத்திரை. அமெரிக்காவில் வணிகத்துக்காகக் கொண்டுவரும் துப்பாக்கியில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் பொறிக்க வேண்டும் என்பது 1968 சட்டத்தின் வழியே வந்த விதி. அந்த முத்திரை இருந்தால் அது கப்பலில் பெட்டிபெட்டியாக வந்த சரக்கு. எந்தத் தாத்தாவும் தோளில் சுமந்து வரவில்லை. முத்திரை இல்லாவிட்டால் பிரிங்பேக் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. 1968-க்கு முன்பு பழைய ராணுவத் துப்பாக்கிகள் காய்கறி மாதிரி மலிவாகத் தபாலில் விற்றன. அதிபர் கென்னடியைச் சுட்ட இத்தாலிய கார்கானோ ரைஃபிளும் அப்படித்தான், 1963-ல் தொலைநோக்கிக் கண்ணாடியோடு 19 டாலர் 95 சென்ட்டுக்குத் தபாலில் வந்தது. அந்தக் காலச் சரக்கில் முத்திரை கிடையாது.

வியட்நாம் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. அங்கே இருந்து தானியங்கித் துப்பாக்கிகளைக் கொண்டுவர அனுமதி இல்லை. ஏகே-47 ஆசை நிறைவேறாது. அனுமதி கிடைத்தவற்றில் மிகப் பிரபலம் சீனத் தயாரிப்பான எஸ்கேஎஸ். 10 தோட்டா கொள்ளும். ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால்தான் சுடும். இதைப் பதிவு செய்ய 'டிடி 603', பின்னர் 'டிடி 603-1' என்ற படிவங்கள் இருந்தன. வரிசை எண்ணுக்கு இதில் தனி இடம் உண்டு என்பதால், பழைய போர்த் தாளைவிட இது வலுவான சாட்சி.

ஆனால், 1980-களின் பிற்பகுதியில் இதே சீன எஸ்கேஎஸ் அமெரிக்காவில் வந்து குவிந்தது. 1994-ல் சீனத் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்படும் வரை, 100 டாலருக்கும் குறைவாகக்கூட வாங்க முடிந்தது. அதில் ஒன்றை எடுத்து, இறக்குமதி முத்திரையைத் தேய்த்துவிட்டு, புதிதாகக் கறுப்பேற்றி, ஒரு கள்ளப் படிவத்தையும் சேர்த்தால் 'வியட்நாம் துப்பாக்கி' தயார். விவரம் தெரிந்தவர் குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பார்ப்பார். தேய்த்த இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

ஜெர்மன் ரைஃபிளில் வேறு வகைப் பொறி. போரில் சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மன் ரைஃபிள்களைப் பின்னாளில் பிரித்து, சுத்தம் செய்து, உதிரி பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, மின்பேனாவால் புது எண்களைக் கீறிக் கிடங்கில் வைத்தார்கள். பல்லாண்டு கழித்து அவையும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அமெரிக்கச் சிப்பாய் 1945-ல் நேராகத் தூக்கிவந்ததாகச் சொல்லும் ரைஃபிளில் அந்தக் கீறல் எண் இருந்தால், அது மாஸ்கோ வழியாகப் போய்வந்த துப்பாக்கி.

காகிதம் இல்லையென்றால் சிறை

இவ்வளவும் பணமும் பெருமையும் பற்றியது. தானியங்கி ஆயுதம் என்றால் விஷயம் சட்டத்துக்குப் போய்விடும். 1934 முதல் இயந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்க அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். போரில் இருந்து கொண்டுவந்த பலர் செய்யவில்லை. அவர்களுக்காக 1968 நவம்பரில் 30 நாள் பொதுமன்னிப்பு கொடுத்து, '4467' என்ற படிவத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். அப்போது தவறவிட்டவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அதிகாரி கையெழுத்திட்ட போர்க்காலச் சான்றிதழ் இருந்தாலும் அது பதிவு ஆகாது.

தாத்தா இறந்தபின் பரணில் ஒரு ஜெர்மன் தானியங்கி ரைஃபிள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் படிவம் கிடைத்தால் வரி இல்லாமலே வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பதிவே இல்லாவிட்டால் அதை வைத்திருப்பதற்கு 10 ஆண்டு வரை சிறை. வழக்கறிஞரைப் பிடித்து, காவல்துறையிடம் ஒப்படைப்பதைத் தவிர வழி இல்லை. பழைய பில்களோடு சேர்த்துப் பாட்டி ஒரு தாளைக் குப்பையில் போட்டிருந்தால், போனது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாராவது சேகரிக்கக் கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்தது என்றாலும் இதே கதிதான்.

யாருடைய துப்பாக்கி?

ஒரு ரைஃபிளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதும் மறந்துபோகிறது. கொண்டுவந்தவர் பெயரைத் தேட இவ்வளவு வழிகள். யாரிடம் இருந்து எடுத்தார் என்பதற்கு வழியே இல்லை. ஜப்பானியச் சிப்பாய்கள் போருக்குக் கிளம்பும்போது உற்றார் உறவினர் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடிகளில் பெயர் இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் ஓபோன் சொசைட்டி என்ற அமைப்பு, அப்படிப்பட்ட கொடிகளைப் படித்து, ஜப்பானில் குடும்பத்தைத் தேடித் திருப்பிக் கொடுத்துவருகிறது. ரைஃபிளில் இருப்பது எண் மட்டும். குடும்பம் தெரிந்தாலும் ஜப்பானின் கடுமையான துப்பாக்கிச் சட்டம் அதை உள்ளே விடாது.

கள்ளத் தாள் செய்பவர் ஏமாற்றுவது வாங்குபவரை மட்டும் அல்ல. பெரும்பாலும் உண்மையான ஒரு சிப்பாயின் பெயரையும் எண்ணையும் எங்கிருந்தோ எடுத்துத்தான் தாளில் போடுகிறார். அந்த மனிதர் போகாத தீவுக்குப் போனதாகவும், எடுக்காத துப்பாக்கியை எடுத்ததாகவும் ஆகிவிடுகிறது. நல்ல சேகரிப்பாளர்கள் கள்ளத் தாளோடு வரும் ரைஃபிளைவிட, எந்தத் தாளும் இல்லாத ரைஃபிளை மேல் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒன்றும் சொல்லாத துப்பாக்கி குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை.

வியட்நாமில் இருந்து திரும்பியவர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை எளிது: அப்பா இருக்கும்போதே கேளுங்கள். எந்த ஊர், எந்த மாதம், யார் கையெழுத்துப் போட்டார் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். துப்பாக்கியின் எண் தெரியும்படி அவரோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். நோட்டரி முன்னிலையில் கையெழுத்தும் வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஆனால், நடப்பது வேறு. வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் துப்பாக்கி ஒரு வியாபாரியிடம் போகிறது. பெட்டியில் இருந்த காகிதங்கள் இன்னொருவரிடம் போகின்றன. கொஞ்ச நாள் கழித்து அந்தச் சான்றிதழ் தனியாக இணைய ஏலத்துக்கு வருகிறது. துப்பாக்கி இல்லாமல், வெறும் தாள் மட்டும். அதற்கும் போட்டி போட்டு விலை கேட்கிறார்கள்.